கரை திரும்பிய பின்

மறைபரப்புப் பணிக்கெனப் பிற நாடு செல்வோரை வழியனுப்பும் நிகழ்ச்சியை நம் பங்குகளில் பலரும் கண்டிருப்பீர்கள். திருப்பலியின் முடிவில் அவர்களைப் பீடத்தின் முன் நிறுத்துவார்கள். ஆயரோ பங்குத்தந்தையோ அவர்கள் கழுத்தில் சிலுவை அணிவிப்பார். பாடகர் குழு அதற்கென்றே ஒரு பாடலைப் பயின்று வைத்திருக்கும். வெளியே வந்ததும் பாட்டிமார் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துக் கையில் திணிப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே மனிதர் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஞாயிறு அறிவிப்புகளின் நடுவே, திருமண ஓலைகளுக்கும் வரி நிலுவைக்கும் இடையில், இன்னார் பணி முடித்துத் திரும்பியுள்ளார் என்று ஒரு வரி வாசிக்கப்படும். அவ்வளவே. அடுத்த வாரம் அவர் பழையபடி நம்மில் ஒருவராகிவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. நாங்கள் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்த ஜாம்பியா நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டோம். அந்நாட்டின் மேற்கு மாநிலத்தில், ஜாம்பசி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் லோசி இன மக்கள் வாழ்கின்றனர். மழைக்காலத்தின் பிற்பகுதியில் ஆறு கரைபுரண்டு சமவெளி முழுவதும் நீராகிவிடும். அப்போது லிதுங்கா எனப்படும் அவர்களுடைய மன்னர், சமவெளியில் லியலுயி என்ற ஊரிலுள்ள அரண்மனையை விட்டு, மேட்டு நிலத்தில் உள்ள லிமுலுங்காவுக்குப் படகில் பெயர்வார். இவ்விழாவுக்குக் குவொம்போகா என்று பெயர். நீரை விட்டு வெளியேறுதல் என்பது பொருள். மவோமா எனப்படும் அரச முரசுகள் அதிர்ந்து ஊருக்கெல்லாம் அறிவிக்கும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, உச்சியில் பெரிய யானை உருவம் நிறுத்திய நலிக்வாண்டா என்னும் படகைத் துடுப்பு வீரர்கள் ஒரே தாளத்தில் செலுத்தி வருவர். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து பார்ப்பார்கள். நீர் வடிந்தபின், சில திங்கள் கழித்து, மன்னர் லியலுயிக்குத் திரும்புவார். அதற்கும் குஃபுலுகேலா என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அதைப் பார்க்கக் கூடுவோர் சிலரே. வெள்ளம் விட்டுச் சென்ற சேற்றில் வேலிகளைச் செப்பனிட்டுக்கொண்டு ஊர் தன் வேலையைப் பார்த்திருக்கும். திரும்பி வந்தோர் எங்கும் இப்படித்தான் போலும் என்று பின்னாளில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

நாங்கள் கணவனும் மனைவியும் ஆவோம். ஒருவர் ஆசிரியர், மற்றவர் செவிலியர். கோட்டாறு மறைமாவட்டத்தின் கடற்கரைப் பங்கு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். மறைத்தூதுப் பணி திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரியது என்பதை வலியுறுத்தி 1990 டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய சுற்றுமடலை ஒரு கருத்தரங்கில் படித்தபோது விழுந்த வித்து, பத்தாண்டு கழித்தே முளைத்தது. 2001 ஜூன் திங்களில், மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு மொங்கு மறைமாவட்டத்துக்குச் சென்றோம். அம்மறைமாவட்டம் 1997 இல் தோன்றியது. எங்களைவிட நான்கு ஆண்டுகள்தாம் அங்கே மூப்பு.

தலைநகர் லுசாக்காவிலிருந்து மொங்கு ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். சாலை கஃபூவே வனவிலங்குக் காட்டின் ஊடே செல்கிறது. ஊர் முழுவதும் கலகாரி மணல், கால் புதையும். பின்னாளில் இங்கே எங்களிடம் சிங்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்காத வீடு இல்லை. அந்தச் சாலையில் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். மான்களையும் சில வேளை யானைகளையும் கண்டோம். சிங்கத்தைக் கண்டதில்லை என்றதும் கேட்டவர் முகம் வாடிப்போகும்.

நாங்கள் சென்ற காலம் கொடிய காலம். எய்ட்ஸ் நோய் வீடு வீடாகப் புகுந்திருந்தது. அதற்கான மருந்து உலகில் இருந்தும் எளியோர் கைக்கு எட்டவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களில் எத்தனை பேருக்குத் தாய் இல்லை, எத்தனை பேருக்கு இருவருமே இல்லை என்பதைக் கேட்காமலே அறிந்துகொள்ளும் கலையை ஆசிரியர் கற்க வேண்டியிருந்தது. வீடு தேடிச் சென்று நோயாளரைப் பேணும் பணியில் பங்கின் எளிய பெண்கள் மணலில் பல கல் தொலைவு நடந்தார்கள். செவிலியர் அவர்களோடு நடந்தார். அவர்கள் கொண்டு சென்றது பெரும்பாலும் சோப்பும் மாவும் செபமும்தாம். 2005 இல் அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்து கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. அதன்பின் சில திங்களில், இறுதி அருளடையாளம் பெற்றிருந்த ஒருவர் தம் காலால் நடந்து ஞாயிறு திருப்பலிக்கு வந்ததைக் கண்டோம். உயிர்ப்பு என்ற சொல் அன்று முதல் எங்களுக்கு வேறு நிறம் பெற்றது.

ஆனால் இக்கட்டுரை அந்தப் பதினோர் ஆண்டுகளைப் பற்றியது அன்று. அவற்றின் நடுவே வந்த ஒரு நாளையும், திரும்பி வந்தபின் அந்த நாள் எங்களுக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் நின்ற விதத்தையும் சொல்லவே எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26, திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு. நம் கரையில் கடல் ஏறிய அந்த முற்பகலில் மொங்குவில் பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. நாங்கள் நீண்ட திருப்பலிக்குச் சென்றோம். நம் ஊரில் முக்கால் மணி நேரத்தில் முடிவது அங்கே மூன்று மணி நேரம் ஆகும். முரசும் நடனமுமாகக் காணிக்கைப் பவனி வந்தது. மாலையில் வானொலியில் செய்தி கேட்டோம். தொலைபேசி மூன்று நாள் இணைப்புப் பெறவில்லை. நான்காம் நாள் குரல் கேட்டபோது எங்கள் அம்மாவையும் (ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமி) அண்ணனின் ஒன்பது வயது இளைய மகளையும் ஊராரோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

அன்று இரவு எங்கள் வீட்டு முற்றத்தில் மாமரத்தின் அடியில் தீ மூட்டப்பட்டது. லோசி மக்கள் துக்க வீட்டைத் தனியே விடுவதில்லை. ஆண்கள் தீயைச் சுற்றி வெளியே அமர்ந்திருப்பார்கள். பெண்கள் வீட்டினுள் தரையில் படுப்பார்கள். விறகும் மாவும் அவர்களே கொண்டு வருவார்கள். தாம் ஒருநாளும் கண்டிராத கடலில், ஒருநாளும் கண்டிராத இருவர் மாண்டதற்காக அவர்கள் மூன்று இரவுகள் அமர்ந்திருந்தார்கள். முதிய வேதியர் ஒருவர் இரண்டாம் இரவில், தங்கள் ஊரில் நீர் வருமுன் முரசு ஒலிக்கும், உங்கள் ஊரில் முரசு ஒலிக்கவில்லையா என்று கேட்டார். ஒலிக்கவில்லை என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் கைகளை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். மரியாதைக்கும் மன்றாட்டுக்கும் அவர்கள் கைதட்டுவார்கள்.

2005 மே திங்களில் நாற்பது நாள் விடுப்பில் வந்தோம். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இருந்த இடத்தில் வீடு இல்லை. அடித்தளக் கற்கள் மட்டும் மணலில் தெரிந்தன. உறவினர் தற்காலிகக் கொட்டகையில் இருந்தார்கள். எல்லாரும் எங்களை விருந்தினராகவே நடத்தினார்கள். விடுப்பில் வருகிறவனுக்குத் திரும்பும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அவனிடம் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை, அவனும் எதையும் முழுதாகக் கேட்க நேரமில்லை. விடுப்பில் வருவது வேறு, திரும்பி வருவது வேறு என்பதை 2012 மே திங்களில்தான் உணர்ந்தோம்.

கன்னியாகுமரிக் கடற்கரைக்கு வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவனைத் தெரியாமல் இல்லை. வளைகுடா நாடுகளுக்குச் சென்று வருவோர் இல்லாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. அவர்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு ஓர் இலக்கணமே உண்டு: கயிறு கட்டிய பெட்டிகள், கம்பளி, வாசனைத் தைலம், மின்விளக்கு, பிள்ளைகளுக்கு மிட்டாய். ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு மாடி எழும்பும். நாங்கள் இரண்டு பெட்டியோடு வந்திறங்கினோம். ஒன்றில் துணி, மற்றொன்றில் புத்தகங்கள், ஒரு மரச் சிலுவை, மொங்குச் சமவெளியில் விளைந்த நறுமண அரிசி மூன்று கிலோ. வரவேற்க வந்த சிறுவர்கள் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாக விலகிப் போனார்கள். அவர்கள்மீது குற்றம் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்ட பெரியவரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் நம்பவில்லை. கணக்கை மறைக்கிறோம் என்று எண்ணிப் பெருந்தன்மையோடு மேலும் கேட்காமல் விட்டார்.

சிறு சிறு காரியங்கள் நாள்தோறும் இடறின. மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது கைகள் தாமாகவே இரண்டு முறை தட்டிக்கொள்ளும், கடைக்காரர் விழிப்பார். லோசியரிடையே ஒரு செய்தியைச் சொல்லுமுன் எப்படி எழுந்தீர்கள், வீட்டார் எப்படி எழுந்தார்கள், மாடு கன்று எப்படி என்று விசாரித்து முடிக்க வேண்டும். அதற்குள் இங்கே மூன்று பேர் நம்மைத் தாண்டி வரிசையில் முன்னே போய்விடுகிறார்கள். குடும்ப அட்டையில் எங்கள் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. ஓர் அலுவலகத்தில், நீங்கள் இங்கே வாழ்கிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். சான்று பெற வேறோர் அலுவலகம் சென்றால் அங்கே குடும்ப அட்டையைக் கேட்டார்கள். அந்த ஆண்டு தமிழகத்தில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி மின்சாரம் இல்லை. அது ஒன்றுதான் எங்கள் மகனுக்குப் பழகிய காரியமாக இருந்தது. விளக்கு அணையும்போதெல்லாம் அவன் சிரிப்பான்.

பங்கில் ஒரு படக்காட்சிக்கு எங்களை அழைத்தார்கள். மகிழ்ச்சியோடு படங்களைத் தெரிவு செய்தோம்: பள்ளி இறுதித் தேர்வில் வென்ற மாணவியர், படகு ஓட்டும் தாத்தா, நாற்று நடும் பெண்கள், முரசு கொட்டும் இளைஞர். முன்கூட்டிப் பார்த்த அமைப்பாளர் தயங்கி, இரக்கம் வரக்கூடிய படம் ஏதும் இல்லையா என்றார். நல்ல மனிதர், மறைபரப்பு நிதிக்குக் காணிக்கை சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு. எங்களால் ஆகவில்லை. எந்தத் தாயும் தன் பிள்ளை மெலிந்திருந்த நாளின் படத்தை அயலார் வீட்டுச் சுவரில் காண விரும்ப மாட்டாள். எங்கள் நண்பர்களை அப்படிக் காட்டிக் காசு திரட்டுவது அவர்கள் முதுகின்பின் புறம் பேசுவதாகவே பட்டது. காட்டிய படங்களைப் பார்த்து ஒரு மூதாட்டி, "எல்லாரும் நல்ல கறுப்பு" என்று பரிதாபப்பட்டார். வெயிலில் மீன் விற்று அவர் மேனியும் அந்த நிறமாகத்தான் இருந்தது.

இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. மறக்க முடியாதது ஒன்று இருந்தது.

எங்கள் ஊரில் காலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கடல் ஏறுமுன் நடந்தது, கடல் ஏறியபின் நடந்தது. திருமணம், குழந்தைப் பேறு, படகு வாங்கியது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் அந்த நாளை வைத்தே கணக்கிடுகிறார்கள். பேச்சு அந்த நாளை நெருங்கும்போது எங்களைப் பார்த்ததும் நின்றுபோகும். வற்புறுத்தினால் யாராவது ஒருவர் அன்போடுதான் சொல்வார்: "ஒங்களுக்கு அது தெரியாது மக்களே, நீங்க அப்போ இல்லல்லா." அதில் பழி இல்லை. உண்மை இருந்தது; அதுதான் சுட்டது. கடற்கரையை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்ட சுனாமிக் குடியிருப்பில் வரிசையாய் ஒரே மாதிரியான வீடுகள். எந்த வீடு யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வரிசை எப்படி அமைந்தது, யாருக்கு அருகில் யார், ஏன் என்பதெல்லாம் நாங்கள் இல்லாத ஆண்டுகளில் எழுதப்பட்ட வரலாறு.

எங்களிடமும் ஒரு வரலாறு இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்பதுபோல் நூற்றுக்கணக்கான முகங்கள் உள்ளே நின்றன. ஒரே துன்பம் என்னவென்றால், எங்கள் கதையை ஊர் கேட்கவில்லை. ஊரின் கதை எங்களிடம் சொல்லப்படவில்லை. இரண்டு ஊமைகள் எதிரெதிரே அமர்ந்தாற்போல் ஆயிற்று.

அந்நாள்களில் ரூத்து நூலைப் பல முறை படித்தோம். அதைப் படிக்கும்போது நம் கண் வழக்கமாக ரூத்தின் மீதே நிற்கும். எங்கள் கண் நகோமியின் மீது நின்றது. பஞ்சத்தினால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போனவர். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துத் திரும்புகிறார். ஊர் முழுவதும் பரபரப்பு. பெண்கள் இவர் நகோமிதானா என்று வியக்கிறார்கள். அவரோ தம்மைப் பழைய பெயரால் அழைக்க வேண்டாம் என்கிறார். திரும்பி வந்தவரின் துயரம் அங்கே தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பெண்கள்? பஞ்சத்தின்போது ஊரை விட்டுப் போகாமல் பெத்லகேமிலேயே இருந்து அதைக் கடந்தவர்கள் அவர்கள். யார் வீட்டில் எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள், எதைத் தின்று பிழைத்தார்கள் என்று நூலில் ஒரு சொல்லும் இல்லை. நகோமி அவர்களிடம் கேட்டாரா என்பதும் இல்லை. ஆயினும் இறுதியில் ஓபேதுக்கு அந்தப் பெண்களே பெயரிடுகிறார்கள். இடையில் ஏதோ பேசியிருக்கத்தான் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

நம் புனித அருளானந்தரின் வாழ்க்கையிலும் இப்படி ஓர் அதிகாரம் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1686 இல் மறவர் நாட்டில் சிறையும் சித்திரவதையும் கண்ட அவர், அடுத்த ஆண்டு மறைப்பணியின் அலுவலாக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். அவர் பிறந்த நகரம் அது. சிறுவயதில் அரண்மனையில் பணியாற்றியவர். உடன் பழகிய இளவரசர்தாம் அப்போது அரசர் இரண்டாம் பேதுரு. எல்லாம் இருந்தும் அவர் அங்கே மதுரைத் துறவியாகவே வாழ்ந்தார் என்றும், இறைச்சியைத் தொடாமல் காய்கறி உண்டு தரையில் படுத்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். தாய்நாட்டில் இருத்திக்கொள்ள அரசர் விரும்பியும் அவர் இசையாமல் 1690 இல் மீண்டும் இந்தியா வந்தார்; 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைச்சாட்சியானார். அவர் மறைச்சாட்சியத்தை நாம் போற்றுகிறோம். லிஸ்பனில் அவர் இலையில் பரிமாறப்பட்ட காய்கறியைப் பற்றி யோசிப்பதில்லை. அவருக்குத் திரும்பிச் செல்லும் வழி இருந்தது. எங்களுக்கு இல்லை, ஒப்பந்தம் முடிந்திருந்தது, மகனுக்கு வயது பதினான்கு, எங்கள் இடத்தில் அந்நாட்டு இளைஞர் இருவர் பொறுப்பேற்றிருந்தார்கள். அதற்காகத்தானே சென்றோம்.

முடிச்சு அவிழ்ந்தது எங்களால் அன்று, மகனால். அவன் தமிழ் அப்போது இழுத்து இழுத்து வரும். கடற்கரைப் பிள்ளையாய்ப் பிறந்தும் அலையைக் கண்டால் பின்வாங்குவான். ஆனால் கால்பந்து தெரியும். எங்கள் கடற்கரைக்குக் கால்பந்து என்றால் உணவும் இரண்டாம் இடம்தான். எனவே அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 12 அன்று ஜாம்பியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருந்தது. ஒரு மாலை, ஆட்டம் முடிந்து மணலில் அமர்ந்திருந்த இளைஞர்களிடம் அதை அவன் சொல்லத் தொடங்கினான். வலை சீராக்கிக்கொண்டிருந்த ஆண்களும் அருகே இருந்தார்கள். அண்ணனும் இருந்தார். நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம்.

1993 ஏப்ரல் 27 அன்று ஜாம்பிய அணி ஏறிச் சென்ற விமானம், காபோன் நாட்டின் லிப்ரவில் நகரிலிருந்து எழும்பியதும் கடலில் விழுந்தது. இருந்த முப்பது பேரும் மாண்டனர். அணியின் பெருவீரர் கலுசா புவால்யா ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்தமையால் தனியே வரவேண்டியிருந்தது; அந்த விமானத்தில் அவர் இல்லை. புதிய அணியைத் தலைமை தாங்கி அவர் அடுத்த ஆண்டே இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார், வெற்றி கிட்டவில்லை. பத்தொன்பது ஆண்டு கழித்து இறுதி ஆட்டம் அதே லிப்ரவில்லில் நடந்தது. ஆட்டத்துக்கு முன் இளைய வீரர்கள் அந்தக் கடற்கரைக்குச் சென்று நீரில் மலர் இட்டார்கள். அப்போது கலுசா அந்நாட்டுக் கால்பந்துக் கழகத்தின் தலைவர். அவரும் உடன் சென்றார். ஐவரி கோஸ்ட் அணியோடு கோல் இன்றி ஆடி, தண்ட உதைகளில் எட்டுக்கு ஏழு என்று வென்றார்கள். மொங்குவில் அன்று இரவு யாரும் உறங்கவில்லை.

மகன் இதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தபோது வலை பின்னிய கைகள் நின்றிருந்தன. கடலில் மலர் இடுவது அவர்களுக்கு விளக்க வேண்டாத காரியம். ஆண்டுதோறும் அவர்களும் இடுகிறார்கள். அண்ணன் மெல்லக் கேட்டார்: "அந்த ஆளு அன்னைக்கு விமானத்துல இல்லியா?"

இல்லை பெரியப்பா என்றான் மகன்.

அன்றிரவு அண்ணன் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். 2004 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் ஊருக்கு வரவில்லை என்பதும், கொச்சியிலிருந்து பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் படகில் போயிருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் எவரும் சொன்னதில்லை. அவர் சொன்னார்: ஆழ்கடலில் அந்த அலை தெரிவதே இல்லை. படகு ஒரு சாண்கூட எழும்பிய நினைவு இல்லை. நல்ல மீன்பாடு. பாடிக்கொண்டே கரைக்கு வந்தார்கள். துறையில் கேள்விப்பட்டு, கிடைத்த வண்டியெல்லாம் ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது குழி மூடப்பட்டிருந்தது. "நீங்க மட்டுமா இல்ல?" என்றார். "நானும் அப்போ இல்லல்லா."

எட்டு ஆண்டுகளாக ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு அவர் அந்தச் சொல்லைக் கேட்டு வந்திருக்கிறார். மதினி அறிந்ததை அவர் அறியார். மதினியிடம் கேட்க அவருக்குத் துணிவு வந்ததில்லை. அன்று அவர் எங்களிடம் மொங்குவில் அம்மாவுக்காகத் தீ மூட்டியதைப் பற்றிக் கேட்டார். எத்தனை பேர் வந்தார்கள், என்ன செபம் சொன்னார்கள், மகளின் பெயரைச் சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயரைச் சொன்னார்கள், தங்கள் நாவுக்கு வந்தபடி சொன்னார்கள் என்றோம். நாங்கள் அந்நாட்டைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த அத்தனையிலும் ஒருவர் கேட்டுப் பெற்றுக்கொண்ட முதல் செய்தி அது.

அதன்பின் மதினியும் பேசினார். ஒரே நாளில் அன்று. கிழங்கு நறுக்கும்போது கொஞ்சம், கோவிலுக்கு நடக்கும்போது கொஞ்சம். அவர் சொன்னவை அவருக்குரியவை. இங்கே எழுத மாட்டோம். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். மழைக்காலம் வரை வேறு பெரிய வேலை எதுவும் செய்ததாக நினைவில்லை. அண்ணனும் சில நாள் வாசலில் வந்து அமர்ந்து, உள்ளே நடக்கும் பேச்சுக்குக் காதுகொடுப்பார்.

திருத்தூதர் பணிகள் நூலில் ஓரிடம் உண்டு. பவுலையும் பர்னபாவையும் கைகளை வைத்து அனுப்பிய அந்தியோக்கியத் திருச்சபை, அவர்கள் திரும்பி வந்ததும் ஒன்றாய்க் கூடுகிறது. பதிமூன்றாம் அதிகாரத்தில் அனுப்புகிறது. பதினான்காம் அதிகாரத்தின் முடிவில் அமர்ந்து கேட்கிறது. கடவுள் செய்ததையெல்லாம் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பின்பு அவர்கள் சீடரோடு நெடுநாள் தங்கியிருந்தார்கள் என்றும் எழுதுகிறார். நாங்கள் அந்த இரண்டாம் வரியைப் பெரிதாக எண்ணுகிறோம். நெடுநாள் தங்கியபோது அந்தியோக்கியாவில் அந்த ஆண்டுகளில் நடந்ததை அவர்கள் கேட்டிருப்பார்கள் அல்லவா? பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், சிலரை அடக்கம் செய்திருப்பார்கள். எங்கள் அன்பியக் கூட்டத்தில் இப்பகுதியை வாசித்து இதைச் சொன்னபோது, குடியிருப்பின் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு விதவை, உங்கள் ஊரில் மரச்சீனி உண்டா என்று கேட்டார். உண்டு, மீனோடுதான் தின்பார்கள் என்றோம். கூட்டம் கலகலத்தது. அதுவரை ஆப்பிரிக்கா என்றிருந்த நாடு அந்த நொடியில் மரச்சீனியும் மீனும் தின்னும் ஓர் ஊராயிற்று. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இரவு செபத்தை முடிக்கப் பத்து மணி ஆயிற்று.

கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவுக்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். 1541 இல் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட அவர் மீண்டும் தாய்நாட்டைக் காணவில்லை. தோழர்கள் கடிதங்களில் இட்ட கையெழுத்துகளை வெட்டி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாதவருக்கு அவ்வளவு ஏக்கம். எங்கள் பெட்டியில் மொங்குவிலிருந்து வந்த கடிதங்கள் இன்னும் உள்ளன. அவற்றைக் கையால் தடவிப் பார்ப்பதுண்டு.

திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான்; அவனுக்கு எது சொந்த ஊர் என்று கேட்டால் உடனே விடை சொல்ல மாட்டான், நாங்களும் கேட்பதில்லை. கைதட்டும் பழக்கம் எங்களுக்கு முழுதும் போகவில்லை. கடைக்காரர் பழகிவிட்டார், சில வேளை அவரும் தட்டுகிறார்.

டிசம்பர் 26 அன்று காலைத் திருப்பலிக்குப் பின் கல்லறையில் மலர் இட்டு வீடு திரும்பும் நேரத்தில் மொங்குவிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். முதிய வேதியர் காலமானபின் அவர் மகள் அழைக்கிறார். நாங்கள் பேசி முடித்ததும் மதினி வாங்கிக்கொள்வார். அவர் தமிழில் பேசுவார், அந்தப் பெண் லோசியில் பேசுவார். மொழிபெயர்க்கட்டுமா என்று முதல் ஆண்டில் கேட்டோம். மதினி கையை அசைத்து எங்களை அப்பால் போகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.